ஆன்லைன் விளம்பரம் பார்த்து செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், பேப்பர் எல்லாம் கரண்ட், அவசர விற்பனை." பழைய கார், பைக் தேடி ஆன்லைன் விளம்பரத் தளங்களுக்குள் போனால், பத்தில் பாதி விளம்பரம் இப்படித்தான் இருக்கும். போட்டோ பளபளன்னு இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்ததும் தலைவலி ஆரம்பமாகிவிடும். வண்டி வித்துப் போச்சும்பாங்க. விளம்பரத்தில் போட்ட விலை முன்பணம் மட்டும்தான், மீதிக்கு லோன் போடணும்பாங்க. ஓனர் என்று பேசியவர் கடைசியில் புரோக்கராக இருப்பார்.

அலைச்சல் மட்டும் என்றால் பரவாயில்லை. அட்வான்ஸ் அனுப்பிவிட்டு வண்டியும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்பவர்களும் உண்டு. வண்டி கைக்கு வந்த பிறகும் பெயர் மாற்ற முடியாமல் மாதக்கணக்கில் ஆர்டிஓ ஆபீஸுக்கு நடப்பவர்களும் உண்டு. இதில் பெரும்பாலான சிக்கலைத் தவிர்க்க ஒரு வரிசை இருக்கிறது: முதலில் நம்பர், அடுத்து பேப்பர், அப்புறம் வண்டி, கடைசியாகப் பணம். இந்த வரிசை மாறும்போதுதான் பிரச்சினை வருகிறது.

விலை ரொம்பக் குறைவா இருந்தா என்ன அர்த்தம்?

அதே மாடல், அதே வருடம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு ஐந்தாறு விளம்பரங்களைப் பாருங்கள். சந்தை விலை ஓரளவு பிடிபட்டுவிடும். இன்சூரன்ஸ் பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வயதுக்கு ஏற்ப தேய்மானம் கழித்து இன்சூரன்ஸ் நிறுவனம் வண்டிக்குப் போடும் மதிப்பு அது. கேட்கும் விலை இதற்குப் பக்கத்தில்கூட வராமல் பாதியில் நின்றால், சந்தோஷப்படுவதற்கு முன் காரணம் கேளுங்கள்.

பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோசடி இப்படித்தான் தொடங்கும். விற்பவர் தன்னை ராணுவ வீரர் அல்லது விமான நிலையப் பாதுகாப்புப் படை வீரர் என்று சொல்வார். திடீர் டிரான்ஸ்ஃபர், அதனால் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பார். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். வண்டியை நேரில் பார்க்க மட்டும் முடியாது, பார்சலில் அனுப்புவதாகச் சொல்வார். பிறகு பார்சல் கட்டணம், கேட் பாஸ், ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார். "இது ரீஃபண்ட் ஆயிடும் சார்" என்று நம்பிக்கையும் கொடுப்பார்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். தனிநபர் ஒருவர் தன் சொந்த வண்டியை இன்னொரு தனிநபருக்கு விற்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் யார் எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் உட்கார்ந்தே எதையெல்லாம் செக் பண்ணலாம்?

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது வண்டி நம்பர். நம்பர் பிளேட்டை மறைத்துப் போட்டோ போட்டிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் நேரடியாகக் கேட்ட பிறகும் தராமல் இழுத்தால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் எம்-பரிவாகன் செயலியிலும் பரிவாகன் இணையதளத்திலும் இந்த நம்பரைப் போட்டால் தெரிய வருபவை:

• பதிவான தேதி, எந்த ஆர்டிஓ, என்ன எரிபொருள்
• ஓனர் பெயர். சில எழுத்துகள் மறைந்திருக்கும், ஆனாலும் ஆர்சி-யோடு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்
• இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்று எதுவரை செல்லும்
• வண்டி மீது ஃபைனான்ஸ் பாக்கிப் பதிவு இருக்கிறதா

போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை இ-செலான் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் தடைபடலாம். அதை விற்பவர் கட்டி முடித்த பிறகே மேற்கொண்டு பேசுங்கள்.

இது திருட்டு வண்டியா என்ற சந்தேகத்துக்கும் வழி இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் டிஜிட்டல் போலீஸ் தளத்தின் மூலம் வாகனத்துக்கான என்ஓசி சேவை தருகிறது. வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் கொடுத்தால், திருட்டு வழக்குப் பதிவுகளில் அந்த வண்டி இருக்கிறதா என்று பார்க்கலாம். திருட்டு வண்டி என்று தெரியாமல் வாங்கியிருந்தாலும் போலீஸ் அதைப் பறிமுதல் செய்யும். போட்ட பணத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

பேப்பரில் எதைப் பார்க்கணும்?

ஒரிஜினல் ஆர்சி-யைப் பாருங்கள். அதில் உள்ள பெயரும், உங்களிடம் விற்பவரின் ஆதார் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "நான் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, இன்னும் பேர் மாத்தல, ஃபார்ம்ல பழைய ஓனர் கையெழுத்து இருக்கு" என்று சொன்னால் உஷார். அந்தப் பழைய ஓனரை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வண்டி லோனில் வாங்கியதாக இருந்தால் ஆர்சி-யில் எச்பி என்று வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். அவர்களின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. லோன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்ஓசி, கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டும் வேண்டும்.

வெளிமாநில வண்டியா? அந்த ஊர் ஆர்டிஓ தரும் என்ஓசி, அதாவது படிவம் 28 கட்டாயம். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் கார்களுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கும் வந்த கெடுபிடியால், டிஎல் நம்பர் கார்கள் மலிவாக மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டு நம்பர் வாங்கும்போது இங்கே சாலை வரியும் கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் அந்த 'மலிவு' உண்மையா என்று தெரியும்.

நேரில் போகும்போது எதைக் கவனிக்கணும்?

தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை. அவரோடு நீங்களும் பார்க்க வேண்டியவை:

• இன்ஜின்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்யும் வண்டியாக இருக்கலாம். சைலன்சரில் நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

• கிலோமீட்டர்: மீட்டரைக் குறைத்து வைப்பது இந்தத் தொழிலின் பழைய தில்லுமுல்லு. மீட்டரில் 30 ஆயிரம் கிலோமீட்டர் என்று இருந்து, பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் தேய்ந்து வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சர்வீஸ் பில்களில் எழுதியிருக்கும் கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

• டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. வண்டியை விட டயர் புதுசாக இருப்பது தவறில்லை. ஆனால் குறைவாக ஓடியது என்று சொல்லும் வண்டியில் டயர் ஏன் மாறியது என்று கேட்கலாம்.

• வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா: 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் இரண்டிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து சேற்றுக் கறை பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், ஹெட்லைட் உள்பக்கம் ஆகிய இடங்களில் துரு, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

• சேஸிஸ் நம்பர்: வண்டியில் பொறித்திருப்பதும் ஆர்சி-யில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டியது போல, தட்டியது போல இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பணத்தை எப்படிக் கொடுப்பது பாதுகாப்பு?

ரொக்கமாகக் கொடுக்காமல், ஆர்சி-யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் வண்டி நம்பர், மொத்த விலை, மீதித் தொகை, தேதி எழுதி கையெழுத்து வாங்குங்கள். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட்ட பிறகு மீதியைக் கொடுங்கள். பணம் போன பிறகு கையெழுத்துக்காகப் பின்னால் அலைவதுதான் பலருக்கும் நடக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பணம் அனுப்புவதற்கு மட்டும்தான் தேவை. உங்கள் பழைய பைக்கை விற்க விளம்பரம் போட்டிருக்கும்போது, "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால், போகப்போவது உங்கள் பணம்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50-ன்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இது வாங்குபவர் கவலை மட்டும் இல்லை. பல கை மாறிய கார் ஒன்று விபத்து ஏற்படுத்திய வழக்கில், ஆர்சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே வண்டியை விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவரும் பெயர் மாறியதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட் இருவரிடமும் இருப்பது நல்லது.

இன்சூரன்ஸும் இப்படித்தான். தேர்டு பார்ட்டி கவர் வண்டியோடு சேர்ந்து வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்க, பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். அதற்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்கணும். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம், உங்களுக்கு வராது.

கன்சல்டிங்கில் வாங்கினால் பிரச்சினை இல்லையா?

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகனம் விற்கும் டீலர்கள் ஆர்டிஓ-விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. வண்டி தங்கள் கைக்கு வந்ததையும் அவர்கள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பெயர் மாற்றம் செய்து தருவது யார் பொறுப்பு, செலவு யாருடையது என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பணம் போயிடுச்சுன்னா என்ன செய்யணும்?

யோசித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வேறு கணக்குக்குப் போகாமல் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள்.

நல்ல வண்டியை நியாயமாக விற்பவர்களும் இதே விளம்பரங்களில்தான் இருக்கிறார்கள். நம்பரைக் கேட்டால் தருவார்கள், மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் முகம் சுளிக்க மாட்டார்கள், நாளைக்கு வாங்க என்றால் காத்திருப்பார்கள். "இன்னொரு பார்ட்டி பணத்தோட நிக்கிறார், இப்பவே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்துபவரிடம், வண்டியை அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.