முதல் வேலைக்கான நேர்காணல்: அறைக்குள் நுழையும் முன் அறிந்திருக்க வேண்டியவை

புதுடெல்லி: கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடும் இளைஞர்களுக்கு, எழுத்துத் தேர்வைக் காட்டிலும் அதிக அச்சத்தைத் தருவது நேர்காணல்தான். பாடத்திட்டம் இல்லை, மாதிரி வினாத்தாள் இல்லை, எதிரே அமர்ந்திருப்பவர் என்ன கேட்பார் என்பது கடைசி வரை தெரியாது. எனினும், முதல் வேலைக்கு வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை அவரே எழுதிக் கொடுத்த தன்விவரக் குறிப்பிலிருந்துதான் பிறக்கின்றன. அந்த வகையில், இது விடைகள் முன்கூட்டியே கையில் உள்ள தேர்வு.

எந்த வேலைக்கு நேர்காணல் உண்டு?

மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பணிகளுக்கும் நேர்காணல் இல்லை. 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் நரேந்திர மோடி இந்த யோசனையை முன்வைத்ததைத் தொடர்ந்து, 2016 ஜனவரி 1 முதல் அது ரத்து செய்யப்பட்டது. ஆகவே, இவ்வகைப் பணிகளில் நேர்காணல் நடத்தி இடம் வாங்கித் தருவதாக யாரேனும் கூறினால், அது ஏமாற்று வேலை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

பொதுத்துறை வங்கிகளின் அதிகாரி பணிக்கு நேர்காணல் தொடர்கிறது. ஐபிபிஎஸ் நடத்தும் பிஓ தேர்வில் நேர்காணலுக்கு 100 மதிப்பெண். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வும் நேர்காணலும் 80-க்கு 20 என்ற விகிதத்தில் கணக்கிடப்படுகின்றன. பொதுப்பிரிவினர் நேர்காணலில் குறைந்தது 40 சதவீதம் பெற வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிப் பிரிவினருக்கு இது 35 சதவீதம். தனியார் நிறுவனங்களிலோ, தொழில்நுட்பச் சுற்று, மனிதவளச் சுற்று எனக் குறைந்தது இரண்டு கட்டங்களைக் கடக்க வேண்டியிருக்கும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

பெரும்பாலான நேர்காணல்கள் தொடங்குவது இந்தக் கேள்வியில்தான். பலர் சறுக்குவதும் இதில்தான். தந்தையின் பெயர், தொழில், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்று ஒப்பிப்பது ஒரு சடங்காகவே மாறிவிட்டது. அந்த விவரங்கள் அனைத்தும் தேர்வாளரின் மேசையில் உள்ள தாளிலேயே இருக்கின்றன. அவர் அறிய விரும்புவது வேறு: இந்த இளைஞர் என்ன படித்தார், அதில் எதைக் கையால் செய்து பார்த்தார், ஏன் இந்த வேலைக்கு வந்திருக்கிறார். இம்மூன்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லிப் பழகினால் போதும். மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் செய்தவர் இடையில் ஒரு கேள்வி வந்தாலே தடுமாறி, மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்.

அடுத்த கண்ணி, இறுதியாண்டு திட்டப்பணி. நான்கைந்து பேர் சேர்ந்து செய்ததாக இருந்தாலும் தன்விவரக் குறிப்பில் ஒவ்வொருவரும் அதைத் தமது பணியாகவே எழுதுகின்றனர். அதில் தவறில்லை. "இதில் உங்கள் பங்கு எது?" என்ற கேள்விக்குத் திட்டவட்டமான பதில் வேண்டும், அவ்வளவே. தரவுத்தளத்தை வடிவமைத்தவர் அதை மட்டும் சொல்லலாம். எந்த இடத்தில் பிழை வந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று விளக்கினால் அடுத்த பத்து நிமிடங்களுக்கு உரையாடல் அவருக்குப் பழக்கமான வழியிலேயே செல்லும். விலைக்கு வாங்கிய திட்டப்பணியை எழுதியவரிடம் இந்த விளக்கம் இருக்காது. தேர்வாளர்கள் அதை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுகொள்கின்றனர்.

குறிப்பில் எழுதும் திறன்களுக்கும் இதே அளவுகோல்தான். ஜாவா, பைத்தான், டேலி, எக்செல் என்று ஏழெட்டை அடுக்குவதைவிட, கேட்டால் செய்து காட்டக்கூடிய இரண்டை எழுதுவது பாதுகாப்பானது. எக்செல் தெரியும் என்று எழுதிய வணிகவியல் பட்டதாரியிடம் விலுக்அப் அல்லது பிவட் டேபிள் பற்றிக் கேட்பது வழக்கமான ஒன்று.

அரியர் இருந்தாலோ, படிப்புக்குப் பின் ஓராண்டு இடைவெளி இருந்தாலோ மறைக்கத் தேவையில்லை. காரணத்தை இரண்டு வாக்கியங்களில் கூறிவிட்டு, அந்தக் காலத்தில் கற்றதையோ செய்ததையோ சொல்லலாம். நீண்ட சமாதானம் சந்தேகத்தையே வளர்க்கும்.

பதில் தெரியாதபோது "தெரியவில்லை" என்பது மதிப்பைக் குறைக்காது. "நேரடியாகத் தெரியவில்லை, இப்படி யோசித்துப் பார்க்கிறேன்" என்று தொடர்வது இன்னும் நல்லது. புதியவரிடம் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது முழுமையான அறிவை அல்ல. சிந்திக்கும் முறை சீராக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கின்றன.

தாய்மொழி வழியில் படித்தவர்களின் பெரிய தயக்கம் ஆங்கிலம். வங்கி நேர்காணல்களில் இந்தியில் பதிலளிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் தமிழகத் தேர்வர்களில் பெரும்பாலானோருக்கு அது உதவாது. எளிய, குறுகிய ஆங்கில வாக்கியங்கள் போதுமானவை. இலக்கணப் பிழை வந்ததும் நிறுத்தித் திருத்திக்கொண்டே இருப்பதுதான் கேட்பவரைச் சோர்வடையச் செய்கிறது. கைப்பேசியில் தமது பதிலைப் பதிவு செய்து கேட்பது பயிற்சி மையக் கட்டணத்தைவிட அதிகப் பலன் தரக்கூடும்.

சான்றிதழ்களில் கவனம்

நன்றாகப் பதிலளித்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. வங்கிப் பணிக்கு ஓபிசி பிரிவில் விண்ணப்பித்தவர்கள், மாநில அரசின் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்றிதழை மட்டும் எடுத்துச் செல்வது தமிழகத்தில் அடிக்கடி நேரும் குழப்பம். மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்ற குறிப்புடன், அறிவிக்கையில் கூறப்பட்ட காலத்துக்குள் பெறப்பட்ட ஓபிசி சான்றிதழே ஏற்கப்படும். அழைப்புக் கடிதம் வந்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் நாள்கள் போதாமல் போகலாம்.

பெயரும் கவனிக்க வேண்டியது. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து, ஆதாரில் தந்தை பெயரின் விரிவு, பான் அட்டையில் பெயருக்குப் பின் தலைப்பெழுத்து என மூன்று வடிவங்களில் ஒரே நபர் இருப்பது நம் மாநிலத்தவருக்கே உரிய சிக்கல். குடும்பப் பெயர் வழக்கமுள்ள வட மாநில அதிகாரிக்கு இது எளிதில் விளங்காது. ஆதார், பான் விவரங்களை முன்கூட்டியே மதிப்பெண் பட்டியலுடன் ஒத்திசையச் செய்துவிடுவது நல்லது. பின்னாளில் வைப்பு நிதிக் கணக்கு தொடங்கும்போதும் இதே முரண்பாடு தலைதூக்கும்.

அசல் சான்றிதழ்களை நிறுவனம் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அவற்றை வாங்கி வைத்துக்கொள்வதாகக் கூறும் இடத்தில் வேலையை ஏற்கும் முன் இருமுறை யோசிக்கலாம்.

உடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: தூய்மையானது, பழகியது. புதுக் காலணியை அன்றுதான் முதலில் அணிய வேண்டும் என்பதில்லை. காணொலி நேர்காணலாயின், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். மின்தடைக்கு மாற்றாகக் கைப்பேசி இணையம் தயாராக இருக்கட்டும்.

சம்பளம்: சொல்வதும் கைக்கு வருவதும்

மனிதவள அதிகாரி கூறும் சிடிசி என்பது, ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு. அது மாதச் சம்பளம் அன்று. உதாரணமாக, 3.6 லட்சம் ரூபாய் சிடிசி என்றால் மாதம் 30,000 ரூபாய் என்று பலர் வீட்டில் சொல்லிவிடுகின்றனர். அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என வைத்துக்கொண்டால், நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கு 12 சதவீதமான 1,800 ரூபாயும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடு சுமார் 720 ரூபாயும் அந்த 30,000-க்குள்ளேயே அடங்கும். செயல்திறன் ஊதியம் என்ற பெயரில் 10 சதவீதத்தை ஆண்டு இறுதிக்கு ஒதுக்கினால் மேலும் 3,000 ரூபாய் குறையும். பணியாளரின் வைப்பு நிதிப் பங்கு 1,800 ரூபாயும், தொழில் வரியும் பிடித்தபின் கைக்கு வருவது சுமார் 22,500 ரூபாய். வெளியூரில் வாடகைக்கு அறை எடுக்க வேண்டியவர் இந்தத் தொகையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். எனவே, "மாதந்தோறும் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும்?" என்று பணிவுடன் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

பணி ஒப்பந்தம், அதாவது பாண்டு குறித்தும் அப்போதே தெளிவு பெற வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனை செல்லும் என உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எல்லா ஒப்பந்தங்களும் அப்படியே செல்லும் என்பது இதன் பொருளன்று. நியாயமற்ற தொகையை நீதிமன்றத்தில் எதிர்க்க இடமுண்டு. ஆயினும், "பாண்டு எல்லாம் சும்மா" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்து.

பணம் கேட்டால் நேர்காணல் அல்ல

பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, மடிக்கணினிக்கான முன்பணம் என எந்தப் பெயரில் கேட்டாலும், வேலை தருபவர் வேலை தேடுபவரிடம் பணம் பெறுவது மோசடியின் முதல் அடையாளம். வாட்ஸ்ஆப் உரையாடலை மட்டுமே வைத்து நடத்தப்படும் 'நேர்காணல்', பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னத்துடன் தனிநபர் மின்னஞ்சலிலிருந்து வரும் பணி நியமனக் கடிதம், அதே நாளில் சேர வேண்டும் என்ற அவசரம் ஆகியவை அடுத்த அடையாளங்கள்.

வெளிநாட்டு வேலையில் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் இணைய மோசடி மையங்களில் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 2025 மார்ச் மாதம் விமானப்படை விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பட்டம் பெற்ற இளைஞர்களும் இருந்தனர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே பெற முடியும். சுற்றுலா விசாவில் சென்று அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று கூறும் முகவரை உடனே தவிர்க்க வேண்டும்.

பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம். எவ்வளவு விரைவாகத் தகவல் கிடைக்கிறதோ, அந்த அளவுக்கு மோசடியாளரின் கணக்கில் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம்.