37 நாற்காலிகள்

சினிமாக் கொட்டகையில் நாற்காலிகளுக்கு நடுவே ஆட்கள் நடக்க விடும் வழிக்கு அரசாங்கக் கோப்பில் ‘கேங்வே’ என்று பெயர். தாமல் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த நம் வயதுக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததாக நினைவே இருக்காது. இடைவேளையில் முறுக்குக்காரர் கால்களைத் தாண்டித் தாண்டி வருவார், அவ்வளவுதான்.

டெல்லியில் 1953ஆம் வருஷத்து சினிமா விதிகள் இதைக் கறாராகச் சொல்லியிருந்தன. இரண்டு பக்கச் சுவரோரமும் வழி வேண்டும். அகலம் 44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஏறக்குறைய நம் ஊர்ப் பட்டுப் புடவையின் பன்னா.

தெற்கு டெல்லியில் உபஹார் தியேட்டர் 1973ல் திறந்தபோது பால்கனியில் வலப்பக்கச் சுவரோரம் அந்த வழி இருந்தது. 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், டிக்கெட் விலையைக் குறைக்கச் சொன்ன அரசு, அதற்கு ஈடாகக் கூடுதல் நாற்காலி போட்டுக்கொள்ள அனுமதித்தது. உபஹாருக்குக் கிடைத்தது 100. அதில் 43 பால்கனிக்கு. வலப்பக்க வழி அப்படித்தான் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து எட்டுப் பேர் உட்காரும் குடும்ப பாக்ஸ் ஒன்று வந்து வலப்பக்க வெளிவாசலையும் மறைத்தது. எதுவும் திருட்டுத்தனமாக நடக்கவில்லை. எல்லாம் அனுமதியோடுதான்.

1979 ஜூலையில் சலுகை ரத்தானது. அதே மாதம்தான் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸ் கீற்றுக் கொட்டகை எரிந்து ஏராளமானவர்கள் மாண்டார்கள். டெல்லித் தியேட்டர்காரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். விதிக்குப் பெரும்பாலும் ஒத்துவரும் நாற்காலிகள் இருக்கலாம் என்றாயிற்று. டிசம்பரில் பால்கனியின் 43ல் 6 போயின, 37 நின்றன. ‘பெரும்பாலும் ஒத்துவருகிறது’ - கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இந்தச் சொற்களைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் ‘ஸ்த்ரபோந்தேன்’ என்ற சொல் எனக்குப் பழக்கம். பாரிஸ் நாடக அரங்குகளில் வரிசை ஓரத்தில் இருக்கும் மடக்கு நாற்காலி அது. அதுவும் வழியைத் தின்பதுதான். ஆனாலும் ஆள் எழுந்தால் மடங்கிக்கொள்ளும்.

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. ‘பார்டர்’ படம், பிற்பகல் காட்சி. தரைத்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீயின் புகை மாடிப்படி வழியாகப் பால்கனிக்கு ஏறியது. கீழே இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். மேலே, இருட்டில் வலப்பக்கம் ஒதுங்கியவர்களுக்கு வழி இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலிகள் இருந்தன. இறந்தவர்கள் 59 பேர். தீ சுட்டு அல்ல, மூச்சு முட்டி.

குற்றவாளிக் கூண்டில் தியேட்டர் முதலாளிகளோடு தீயணைப்புத் துறை, மாநகராட்சி, மின்வாரிய ஊழியர்களும் நின்றார்கள். 2015ல் உச்ச நீதிமன்றம் முதலாளிகள் இருவருக்கும் தலா 30 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. படம் பார்க்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் பெற்றோர் அதற்குள் 18 வருஷம் கோர்ட்டு வாசலில் நின்றிருந்தார்கள்.