இலாக்கிசு கோட்டை: மண் காத்த சாட்சியம்

ஜூபிலி மலரில் பங்கின் வரலாற்றை எழுதுவது மரபு. அதனை இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். வரலாறு என்பது ஏட்டில் மட்டும் எழுதப்படுவதில்லை என்பதை ஒரு பண்டைய கோட்டையின் துணைகொண்டு இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

எருசலேமுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மண்மேடு உண்டு. அரபு மக்கள் அதனைத் 'தெல் எத்-துவேர்' என்பர். விவிலியம் கூறும் இலாக்கிசு நகர் அதுவே என்பது அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து. யூதா நாட்டில் எருசலேமுக்கு அடுத்த பேரரண் இதுதான். கடற்கரைச் சமவெளியிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் வழியை இது காத்து நின்றது.

கி.மு. 701-இல் அசீரிய மன்னன் செனகெரிபு யூதாவின்மீது படையெடுத்தான். அப்போது எசேக்கியா அரசர் இலாக்கிசில் தங்கியிருந்த அவனுக்குத் தூதனுப்பிப் பணிந்ததாகவும், 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் செலுத்தியதாகவும் அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. குறிப்பேடு இரண்டாம் நூலோ அவன் இலாக்கிசை முற்றுகையிட்டிருந்ததைச் சொல்கிறது. எருசலேம் தப்பியதை விரிவாக உரைக்கும் விவிலியம், இலாக்கிசின் வீழ்ச்சியை விவரிக்கவில்லை.

செனகெரிபு அதனை மறைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லேயார்டு என்ற ஆங்கிலேயர் நினிவே அரண்மனையைத் தோண்டியபோது, ஓர் அறையின் சுவர் முழுவதும் இலாக்கிசின் முற்றுகை கல்லில் செதுக்கப்பட்டிருக்கக் கண்டார். மதிலை இடிக்கும் பொறிகள், மேலிருந்து தீப்பந்தம் எறியும் காவலர், மாட்டு வண்டியில் பிள்ளைகளோடு நாடு கடத்தப்படும் குடும்பங்கள், அரியணையில் அமர்ந்து இவற்றைப் பார்த்திருக்கும் மன்னன் என அனைத்தும் அங்கே உள்ளன. இச்சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

விவிலியமும் மன்னனின் சிற்பமும் சொல்லாத சிலவற்றை மண் சொல்லிற்று. 1932 முதல் 1938 வரை ஸ்டார்க்கி என்பவரும், 1973 முதல் டேவிட் உசிஷ்கின் என்பவரும் இங்கு அகழாய்வு நடத்தினர். அசீரியர் மதிலை எட்டுவதற்காகக் கல்லைக் கொட்டி எழுப்பிய சாய்மேடு தென்மேற்கு மூலையில் இன்றும் நிற்கிறது. அம்புமுனைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன; கவண்கற்களும் கிடைத்தன. அந்தச் சாய்மேட்டுக்கு நேர் உள்ளே, காவலர் தாங்களும் ஒரு மேட்டை எழுப்பியிருந்தது தெரியவந்தது. வெளியே பகைவன் மேட்டை உயர்த்த உயர்த்த, உள்ளே இவர்களும் மண் சுமந்திருக்கிறார்கள். இந்த உழைப்பைச் சிற்பமும் காட்டவில்லை, ஏடும் குறிக்கவில்லை.

கோட்டையருகே குகைகளில் ஏறத்தாழ 1,500 பேரின் எலும்புகள் குவிந்து கிடந்தன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என யாவரும் அதில் இருந்தனர். அந்த முற்றுகையில் மடிந்தவர்கள் இவர்களே என்று பல அறிஞர் கருதுகின்றனர். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

கோட்டை மீண்டும் கட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப்பின் பாபிலோனியர் வந்தனர். அப்போது எரிந்த வாயிலறையின் சாம்பலில் 1935-இல் ஸ்டார்க்கி குழுவினர் மையெழுத்துக்கள் கொண்ட பானை ஓடுகளைக் கண்டெடுத்தனர். பின்னர் கிடைத்தவற்றையும் சேர்த்து அவை 21 ஆகும். அவற்றுள் ஒன்று ஓசாயா என்ற வீரன் தன் தலைவன் யாவோசுக்கு எழுதியது. தனக்கு வாசிக்கத் தெரியாது என்று தலைவன் நினைத்துவிட்டானே என்று அதில் மனம் நொந்துகொள்கிறான். மற்றோர் ஓட்டில், அசேக்காவின் தீக்குறி கண்ணுக்குத் தெரியவில்லை, இலாக்கிசின் குறிக்காகக் காத்திருக்கிறோம் என்ற செய்தி உள்ளது. யூதாவில் எருசலேமைத் தவிர எஞ்சிய அரண்கள் இலாக்கிசும் அசேக்காவுமே என்று எரேமியா நூல் 34-ஆம் அதிகாரம் கூறுவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம் நெஞ்சம் நடுங்குகிறது.

வெற்றி பெற்ற மன்னன் தன் உருவைக் கல்லில் செதுக்கினான். அவனுடைய நினிவேயும் கி.மு. 612-இல் எரிந்தது. மண் சுமந்தவர்களும், கடிதம் எழுதிய ஓசாயாவும் தம்மை எவரும் நினைக்க வேண்டும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் 2,500 ஆண்டுகள் கடந்து அவர்களை நாம் நினைக்கிறோம்.

அன்பார்ந்த இறைமக்களே, நம் ஆலயச் சுவரில் பதித்த கல்லில் அடிக்கல் நாட்டியவர், மந்திரித்தவர் பெயர்கள் உள்ளன. அது முறையே. கல் சுமந்த கூலியாள், சுண்ணாம்பு அரைத்த தாய், ஒரு நாள் கூலியை உண்டியலில் இட்ட ஏழை ஆகியோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். இந்த ஜூபிலி ஆண்டிலேனும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அப்பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மண்ணைத் தோண்டித் தேடும் வேலையை நம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டாம்.