வளர்ந்த ஆண் கினிப்பன்றிக்குத் துணை: 1991 சோதனையின் மறுவாசிப்பு

ஆண் கினிப்பன்றிக்குத் துணை தேடும் சிக்கலுக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. ஒன்று குணப்பொருத்தம்: முரட்டு ஆணுக்குச் சாதுவான ஆணைத் தேடு. மற்றொன்று கைவிரிப்பு: தனியே வளர்ந்து முதிர்ந்த ஆணுக்கு இன்னோர் ஆண் ஒருநாளும் துணையாகாது. விலங்கு நடத்தை ஆய்வாளர்களான நோர்பர்ட் ஸாக்ஸரும் லிக்கும் 1991-இல் வெளியிட்ட சோதனையே இரண்டாம் விடைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அச்சோதனை அவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது என்பதும், அதைக் கூர்ந்து வாசித்தால் முதல் விடையும் நிலைக்காது என்பதும் இக்கட்டுரையின் வாதம். பொருத்தத்தைத் தீர்மானிப்பதில் பிறவிக் குணத்தைவிட, பருவமெய்தும் மாதங்களில் அந்த ஆண் யாருடன் வாழ்ந்தது என்பதே முதன்மையானது.

சோதனையின் அமைப்பு எளியது. இருபாலும் கலந்த பெரிய கூட்டங்களில் வளர்ந்த ஆண்கள் ஒரு வகை. தனியாகவோ ஒரே ஒரு பெண்ணுடனோ வளர்ந்த ஆண்கள் மறு வகை. முன்பின் அறியாத இரண்டு ஆண்களைப் பழக்கமில்லாத அடைப்பில் விட்டார்கள். கூட்டத்தில் வளர்ந்த இருவர் சந்தித்தபோது பெரிய சண்டை எழவில்லை. யார் மேல், யார் கீழ் என்பது விரைவில் முடிவாயிற்று. கீழ்ப்பட்ட விலங்கின் உடலில்கூட அழுத்தச் சுரப்பான கார்டிசால் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. தனித்து வளர்ந்த இருவர் சந்தித்தபோது தாக்குதல் மூண்டது. தோற்ற விலங்கின் எடை சரிந்தது, கார்டிசால் மிக உயர்ந்தது.

இந்த முடிவுகளில் எனக்கு ஐயமில்லை. அவற்றிலிருந்து கைவிரிப்புக்குத் தாவும் வாசிப்பையே மறுக்கிறேன். அந்தத் தாவலில் இரண்டு இடைவெளிகள் உண்டு. முதலாவது, சோதனை ஒத்தவரை ஒத்தவரோடு இணைத்தது. கூட்டத்தில் பழகியவரோடு பழகியவர், பழகாதவரோடு பழகாதவர். பழகிய ஆணோடு பழகாத ஆணைச் சேர்த்தால் என்ன நேரும் என்பதை அது கேட்கவே இல்லை. துணை தேடுவோர் முன் நிற்பதோ பெரும்பாலும் இந்தக் கலப்பு இணைதான். இரண்டாவது, அடைப்பில் அறிமுகமற்ற பெண் ஒன்றும் இருந்தது. ஆண்களின் சமூகத் திறனைச் சோதிக்க அது நியாயமான ஏற்பாடே. ஆனால் பெண்ணில்லாத கூண்டில் வாழப்போகும் இரண்டு ஆண்களின் எதிர்காலத்தை அதைக் கொண்டு கணிப்பது, போட்டிக்குரிய பொருளை நடுவில் வைத்துவிட்டுப் போட்டியின் அளவை இயல்பெனக் கொள்வதாகும்.

ஸாக்ஸரும் ரென்னிங்கரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே எதிர்வாதமாக வைக்கலாம். அதில் அன்னிய ஆண் ஒன்று, ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு கூட்டத்துக்குள் விடப்பட்டது. கூட்டத்தில் வளர்ந்தது இடையூறின்றி இணைந்தது. தனித்து வளர்ந்தது மோதல்களில் சிக்கி எடை இழந்தது. பழகாதது பழகியவர் நடுவிலும் தோற்கவில்லையா? தோற்றது உண்மை. ஆனால் அது எதிர்கொண்டது ஒரு துணையை அன்று. பெண்களும், அவற்றோடு பிணைப்புக் கொண்ட ஆண்களும் நிறைந்த ஒரு முழுச் சமூகத்தை அது எதிர்கொண்டது. அங்கே எந்தப் பெண்ணை நெருங்கலாம், எதை நெருங்கக் கூடாது என்ற ஒழுங்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தது. ஓர் ஒழுங்கை அறியாத விலங்கு அதைப் பலர் முன்னிலையில் மீறித் தண்டனை பெறுவது ஒன்று. ஒரே ஒரு மூத்த ஆணிடம் அதைக் கற்றுக்கொள்ள முடியாது என்பது வேறொன்று. முன்னது நிறுவப்பட்டது. பின்னது நிறுவப்படவில்லை.

அப்படியானால் கூட்டத்தில் வளர்ந்த ஆண் எதைத்தான் கற்றது? ஸாக்ஸர் 1986-இல் விவரித்த கூட்ட வாழ்க்கை இதற்குத் துணைசெய்கிறது. எண்ணிக்கை குறைவான கூட்டத்தில் ஆண்கள் ஒரே வரிசையில் மேல்கீழாக அமைகின்றன. எண்ணிக்கை பெருகும்போது கூட்டம் சிறுகுழுக்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குழுவின் தலைமை ஆணும் தன் பெண்களோடு பிணைப்புக் கொள்கிறது, பிற ஆண்கள் அந்தப் பிணைப்பை மதிக்கின்றன. இத்தகைய இடத்தில் பருவமெய்தும் இளம் ஆண், ஏறத்தாழ இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம்வரை, மூத்த ஆண்களின் மிரட்டலை அடிக்கடி சந்திக்கிறது. அப்போது அது இரண்டு பாடங்களைப் பெறுகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அன்னியரைக் கண்டவுடன் தாக்கக் கூடாது. பிறருடைய பெண்ணை நாடக் கூடாது. இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது: தோற்றபின் எப்படி விலகுவது, வென்றபின் எப்போது நிறுத்துவது. இது என் ஊகமே. ஆனால் கீழ்ப்பட்ட விலங்கின் கார்டிசால் உயராமல் இருந்ததை இந்த மூன்றாம் பாடம் இல்லாமல் விளக்குவது கடினம்.

ஸாக்ஸரின் குழு மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் பின்னர் தொடர்ந்த ஆய்வுகள், தனித்து வளர்ந்த ஆணின் தாக்கும் இயல்பைக் கோளாறாகப் பார்ப்பதைக் கைவிட்டன. போட்டியாளர் குறைந்த சூழலில் உடனே மோதி இடம்பிடிப்பது ஆதாயம், நெருக்கமான கூட்டத்தில் முறை வரும்வரை காத்திருப்பது ஆதாயம் என்று அவை விளக்கின. இந்த விளக்கம் கைவிரிப்பின் அடித்தளத்தையே அசைக்கிறது. சூழலுக்கேற்ப உருவான நடத்தையைப் பழுதென்று சொல்ல முடியாது. பழுது இல்லாத இடத்தில் ‘திருத்த முடியாதது’ என்ற தீர்ப்புக்கும் இடமில்லை.

குணப்பொருத்தக் கொள்கைக்கு வருவோம். ஒரே இனத்து விலங்குகள், வளர்ந்த சூழல் மாறியதும் இவ்வளவு எதிரெதிராக நடந்துகொண்டன என்றால், சந்திப்பின்போது நாம் ‘முரடு’, ‘சாது’ என்று குறித்துவைப்பதில் பெரும்பகுதி வளர்ப்பின் சுவடே. தனித்து வளர்ந்த ஆண், எதிராளி இல்லாத கூண்டில் சாதுவாகவே தெரியும். அதை நம்பி இன்னொரு ‘சாதுவோடு’ சேர்ப்பவர், 1991 சோதனையின் மோசமான இணையைத் தாமே அமைக்கிறார். உடன்பிறந்த ஆண்கள் ஒத்துப்போகும் என்ற வாதம் நெடிய மறுப்புக்கு உரியதன்று. ஒத்துப்போகாத உடன்பிறப்புகள் பிரிக்கப்பட்டுவிடுவதால் சேர்ந்திருப்பவை மட்டுமே கணக்கில் வருகின்றன. நிறம், மயிர்வகை பற்றிய நம்பிக்கைகளைத் தனியே விவாதிக்க வேண்டியதில்லை.

பொருத்தத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதிலும் வழக்கமான பார்வை தவறுகிறது. சத்தமில்லாத இணையைப் பொருந்திய இணை என்றும், ஒன்றையொன்று துரத்தும் இணையைப் பொருந்தாத இணை என்றும் அது கொள்கிறது. உறுமியபடி இடுப்பை அசைத்து நடப்பது, மேலேறுவது, தலையை உயர்த்தி நிற்பது, பின்புறத்தைத் தரையில் தேய்த்து மணம் பதிப்பது ஆகியவை மேல்கீழ் முடிவாவதற்கான பேச்சுவார்த்தை. அவற்றைக் கண்டவுடன் பிரித்துவைத்தால் ஒவ்வொரு சந்திப்பும் முதல் சந்திப்பாகிவிடும். பற்களை நறநறவெனக் கடித்து எச்சரிப்பது நீண்டுகொண்டே போவதும், இரத்தம் வரக் கடிப்பதும் வேறு. அங்கே பிரிப்பதே கடமை. ஆனால் 1991 சோதனை கற்பிக்கும் முக்கியமான பாடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோற்ற விலங்கின் துன்பத்தைக் காயம் காட்டவில்லை, எடையும் கார்டிசாலும் காட்டின. மூலையில் ஒடுங்கி அசையாமல் இருக்கும் ஆணைப் பார்த்து ‘சமாதானமாகிவிட்டது’ என்று மகிழ்வது எளிது. கார்டிசாலை வீட்டில் அளக்க முடியாது, எடையை அளக்கலாம். கீழ்ப்பட்ட ஆணின் எடை வாரந்தோறும் நிலைத்திருந்தால் சத்தம் எவ்வளவு இருந்தாலும் அந்த இணை நிற்கிறது. எடை சரிந்துகொண்டே போனால் அமைதி எவ்வளவு இருந்தாலும் அது நிற்கவில்லை.

இந்த வாசிப்பிலிருந்து துணைத் தேர்வுக்குச் சில விளைவுகள் பிறக்கின்றன. மூத்த ஆண்கள் நடுவே பருவமெய்திய ஆண், வயது எதுவாயினும், முதல் தேர்வாக வேண்டும். அது பழகாத ஆணுக்கும் தாங்கக்கூடிய துணையாகலாம் என்பது சோதிக்கப்படாத, ஆனால் மேற்கண்ட தர்க்கம் சுட்டும் எதிர்பார்ப்பு. வளர்ந்த ஆணோடு பால்மறந்த குட்டியைச் சேர்க்கும் வழக்கம் தொடக்கத்தில் எளிதாக இருப்பதற்குக் காரணம், அது இன்னும் போட்டியாளராகவில்லை என்பதே. உண்மையான தேர்வு அக்குட்டி பருவமெய்தும்போதுதான் வரும். மூத்தது தானே கற்றிராவிட்டால் எதைக் கற்பிக்கும்? காயடித்த ஆணைப் பெண்களோடு வைப்பது ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வழி. காயடித்தபின் சில வாரங்கள் கருத்தரிக்கச் செய்யும் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்பதால், ஏறத்தாழ ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இவ்வழி நன்று. ஆனால் அது ஆண்களுக்கிடையேயான கேள்விக்கு விடை அளிக்கவில்லை, அதைத் தவிர்க்கிறது. வளர்ந்தபின் காயடித்த ஆண், முன்பு கற்றதையோ கல்லாததையோ அறுவையோடு இழந்துவிடும் என்று கொள்ளவும் காரணமில்லை.

சட்டமும் இக்கேள்வியை அவசரமாக்குகிறது. சுவிட்சர்லாந்தில் 2008-இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணை கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பதை அனுமதிப்பதில்லை. இரண்டில் ஒன்று இறந்தால் எஞ்சியதற்குத் துணை தேட வேண்டும், அந்த எஞ்சியது பல வேளை வயதான ஆண். கைவிரிப்பு வாசிப்பு இந்த விலங்குக்குத் தருவது சட்டம் தடுக்கும் தனிமையை மட்டுமே.

பழகிய ஆணும் பழகாத ஆணும், நடுவில் பெண் இல்லாமல், எடையும் கார்டிசாலும் அளக்கப்பட்டு, சில நாட்களுக்கு அல்ல, பல வாரங்களுக்கு: கேட்க வேண்டிய சோதனை இதுவே. அது என் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கினால் கைவிரிப்பு அப்போதுதான் தன் ஆதாரத்தைப் பெறும். அதுவரை, விலங்குகளை மறுவீடு சேர்ப்போர் குணக்குறிப்பு எழுதும் பத்தியில் வேறொரு தகவலைப் பதியட்டும்: இந்த ஆண் தன் இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம்வரை யாருடன் இருந்தது.