காய்ச்சலும் அச்சமும்

கொள்ளைநோயொன்று தணிந்தபின் அது விளைத்த அச்சம் மிகையானதென்று கூறுதல் எவர்க்கும் எளிது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வடமராட்சியிலே, நெல்லியடியைச் சூழ்ந்த கரவெட்டிப் பகுதியிலும் அதனை அடுத்த பருத்தித்துறைப் பகுதியிலும், இன்னதென்று அறியப்படாத காய்ச்சலொன்று சில உயிர்களைக் கவர்ந்தது. பத்திரிகைகள் அதற்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்று பெயரிட்டன. கைத்தொலைபேசிகள் அப்பெயரை ஒரு பகற்பொழுதிற்குள் குடாநாடெங்கும் கொண்டு சென்றன. மக்கள் அச்சம் அளவிற்கு மிஞ்சியதா, செய்தியாளர் சிறியதைப் பெரியதாக்கினரா என்னும் வினா உடனே எழுந்தது. இவ்வினா புதியதன்று. இன்புளுவென்சா என்னும் தொற்றுக்காய்ச்சல் உலகை வலம் வந்த ஒவ்வொரு முறையும் இது கேட்கப்பட்டுள்ளது. ஆதலின் நெல்லியடிக் காய்ச்சலை நோக்குமுன், அந்த நூறாண்டு வரலாற்றை நோக்குதல் தகும்.

1918ஆம் ஆண்டின் காய்ச்சலை உலகம் ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்றே அறியும். அது ஸ்பானியாவிலே தோன்றியதற்குச் சான்று யாதுமில்லை. முதலாம் உலகப்போரிற் பொருத நாடுகள் தத்தம் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. படைவீரர் நோயுற்று வீழ்கின்றனர் என்னும் செய்தியைப் பகைவர் அறிதலாகாது என்பது அவற்றின் கருத்து. போரிற் சேராத ஸ்பானியாவிலோ பத்திரிகைகள் உள்ளதை எழுதின. அந்நாட்டு மன்னர் பதின்மூன்றாம் அல்பொன்சோ நோயுற்றதும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. உண்மையை எழுதிய நாட்டிற்கே நோயின் பெயரும் பழியும் வந்து சேர்ந்தன. வரலாறு சிலவேளைகளில் இத்தகைய நீதியையே வழங்குகிறது.

மௌனத்தின் விலை யாதென்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் காட்டிற்று. காய்ச்சல் நகருள் நுழைந்திருந்தும், போர்க்கடன் திரட்டும் பொருட்டு 1918 செப்டம்பர் 28ஆம் நாள் பெரும் ஊர்வலமொன்று அங்கே நடத்தப்பட்டது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் வீதிகளிலே திரண்டனர். அஞ்சத்தக்கது எதுவுமில்லை என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. சில நாட்களுள் வைத்தியசாலைகள் நிரம்பின. சில வாரங்களுள் அந்நகரிற் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பாடசாலைகளையும் கேளிக்கையரங்குகளையும் காலத்தே மூடிய செயின்ற் லூயிஸ் நகரில் மரணவீதம் இதனிலும் மிகக் குறைவாயிருந்தது. அங்கே அச்சம் மக்களைக் காத்தது.

இந்தியாவிற்கும் இலங்கைக்கும் அந்நோய் கப்பல் வழியே வந்தது. 1918 ஜூன் மாதத்திற் பம்பாய்த் துறைமுகத்திலே தலைகாட்டிய காய்ச்சல் முதலில் இலேசானதாயிருந்தது. இலையுதிர்காலத்தில் மீண்டும் வந்தபோது அதன் தன்மை மாறிவிட்டது. வழக்கமாகக் குழந்தைகளையும் முதியோரையும் வருத்தும் நோய், இம்முறை இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரைப் பெருந்தொகையாகக் கொன்றது. ஒரு குடும்பத்தில் உழைப்போரும் சமைப்போரும் ஒருங்கே பாயிற் படுத்துவிட்டால், எஞ்சியோர்க்குக் கஞ்சி வார்த்துக் கொடுப்பவர் யார்? நியூமோனியாவினால் இறந்தோர் போகக் கவனிப்பாரின்றி இறந்தோரும் பலராவர். அவ்வாண்டு இந்தியாவிற் பருவமழை பொய்த்தது. அரிசி விலை உயர்ந்தது. பர்மாவிலும் இந்தியாவிலுமிருந்து வரும் அரிசியையே பெரிதும் நம்பியிருந்த இலங்கை, 1919ஆம் ஆண்டிற் கடுமையான உணவுத் தட்டுப்பாட்டிற்கு உள்ளாயிற்று. உண்ணும் வகையறியாது மெலிந்த உடம்புகளையே காய்ச்சல் எதிர்கொண்டது.

இத்துணைப் பெரிய அழிவை அக்காலத்தவர் எவ்வளவென்று கணித்தனர்? இந்திய அரசாங்கத்தின் சுகாதார அதிகாரிகள் முதலிற் கூறிய தொகை சுமார் அறுபது இலட்சம். 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு வெளிவந்தபோது அத்தொகை ஒரு கோடியே இருபது இலட்சத்தைத் தாண்டிற்று. பிற்கால ஆய்வாளர் சிலர் ஒரு கோடியே எழுபது இலட்சத்திற்கு மேல் என்பர். இந்தியக் குடித்தொகை முன்னைய பத்தாண்டினும் குறைந்துபோன ஒரே பத்தாண்டு 1911க்கும் 1921க்கும் இடைப்பட்டதே. இலங்கையின் கணக்கு இன்னும் விந்தையானது. நாட்டின் மக்கட்டொகை ஏறக்குறைய நாற்பத்தைந்து இலட்சமாயிருந்த அக்காலத்தில், ஓர் ஆய்வு இறந்தோரைச் சுமார் 50,000 எனக் கணித்தது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வோ, நாடு இழந்தது 307,000 பேர் என்றது. இரண்டு கணக்கிற்கும் இடையே இரண்டரை இலட்சம் மனிதர் உளர். இறப்பதிவுகளில் ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் அடங்கிக் கிடந்த காலம் அது. எந்தப் பத்திரிகையும் அன்று மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்த முயன்றிருப்பினும் உண்மையை எட்டியிராது.

முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. 1957ஆம் ஆண்டின் ‘ஆசியக் காய்ச்சல்’ கிழக்கிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தவர்க்கு அவ்வழி நன்கு தெரிந்த வழி. மலாயாவில் உத்தியோகம் பார்த்தோரும் அங்கிருந்து ஓய்வூதியம் பெற்று ஊர் மீண்டோரும் சென்றுவந்த கடற்பாதையே அது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ‘ரஜுலா’ என்னும் கப்பல் மே மாத நடுப்பகுதியிற் சென்னையை அடைந்தபோது, அதிலே நோயாளர் பலர் இருந்தனர். அடுத்த பெப்ரவரி வரையில் இந்தியாவிற் பதிவான நோயாளர் 4,451,785 பேர். பதிவான மரணங்கள் 1,098. நாலாயிரம் பேருக்கு ஒருவர். இத்தொகையை மாத்திரம் காண்பவர், எழுந்த பரபரப்பு வீண் என்றே முடிவு செய்வர். ஆயினும் உலகம் முழுவதிலும் அக்காய்ச்சலாற் சுமார் பதினொரு இலட்சம் பேர் இறந்தனரெனப் பிந்திய கணிப்பொன்று கூறும். இன்புளுவென்சா தன் பெயரிற் கொல்வது குறைவு. நெஞ்சுநோய், மூச்சுநோய், முதுமை என்னும் பிற பெயர்களிலே அது கொல்வது மிகுதி.

இவ்விடத்திற் பத்திரிகையின் பங்கைப் பற்றி ஒரு செய்தி குறிக்கத்தக்கது. 1957 ஏப்ரல் 17ஆம் நாள் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையில், ஹொங்கொங்கில் இலட்சக்கணக்கானோர் காய்ச்சலால் வைத்திய உதவியை நாடிய செய்தி வெளியாயிற்று. அதனைப் படித்த மோரிஸ் ஹில்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், புதியதொரு வைரசு பரவுகின்றதென ஊகித்து, மாதிரிகளைத் தருவித்து ஆராய்ந்தார். தடுப்பூசி தயாரிப்பவர்களை அவர் முன்கூட்டியே எச்சரித்ததனால், அவ்வாண்டிறுதிக்குள் கோடிக்கணக்கான தடுப்பூசிகள் கிடைத்தன. ஆய்வுகூடங்களும் அரசாங்கங்களும் அறியுமுன் அறிவித்தது செய்தித்தாளின் ஒரு பத்தி. பரபரப்பு என்று தள்ளிவைக்கத்தக்க செய்திதான் அது.

மிகையே நிகழ்ந்ததில்லை என்று இதனாற் கொள்ளுதல் தவறு. 1976ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் போர்ட் டிக்ஸ் படைமுகாமிற் பன்றிக்காய்ச்சல் வகை வைரசினால் வீரர் ஒருவர் இறந்தார். 1918 மீண்டும் வருகின்றதென்று அஞ்சிய அரசாங்கம், குடிமக்கள் அனைவர்க்கும் தடுப்பூசி இடத் துணிந்தது. நான்கு கோடிக்கு மேற்பட்டோர் ஊசி ஏற்றனர். கொள்ளைநோயோ வரவேயில்லை. ஊசி ஏற்றோருட் சிலர்க்குக் கை கால் வலுவிழக்கும் நரம்புநோய் கண்டது; டிசம்பரில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. இவ்வச்சம் பிறந்த இடத்தைக் கவனித்தல் வேண்டும். அது அச்சுக்கூடத்திற் பிறக்கவில்லை. அறிஞரும் ஆட்சியாளரும் கூடிய அறையிலே பிறந்தது.

2009ஆம் ஆண்டிற் கதை வேறு. ஜூன் 11ஆம் நாள் உலக சுகாதார ஸ்தாபனம் புதிய பன்றிக்காய்ச்சலை உலகக் கொள்ளைநோயென அறிவித்தது. புனே நகரில் முதல் மரணம் நேர்ந்ததும் இந்தியத் தொலைக்காட்சிகள் இரவும் பகலும் அதனையே பேசின. முகக்கவசங்கள் கடைகளிற் கிடையாவாயின. ஆய்வுகூடத்திலே உறுதிசெய்யப்பட்ட மரணங்கள் உலகமெங்கும் 18,500 அளவிலே நின்றமையால், அறிவிப்பே பொய்யென்று ஐரோப்பாவிற் சிலர் குற்றஞ்சாட்டினர். 2012ஆம் ஆண்டின் கணிப்பு அதனைப் பதினைந்து மடங்காக்கிற்று: இறந்தோர் ஒன்றரை இலட்சத்திற்கும் ஐந்தே முக்கால் இலட்சத்திற்கும் இடையிலாவர். அவருட் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதிற்குக் குறைந்தோர். எனினும் தொலைக்காட்சியைக் குற்றமற்றதென விடுதலும் கூடாது. எண்ணிக்கையை அது பெருக்கவில்லை. ஆயின் மூச்சுத்திணறல் கண்டால் எப்போது வைத்தியசாலைக்கு விரையவேண்டும் என்பதைச் சொல்லவேண்டிய நேரத்தையெல்லாம், முகக்கவச வரிசைகளைக் காட்டுவதிற் செலவிட்டது. அச்சத்தின் அளவு பிழையன்று. அதன் உள்ளடக்கம் வறியது.

இனி வடமராட்சிக்கு வருவோம். 2024 நவம்பர் இறுதியிற் பெங்கல் புயலை ஒட்டி வந்த பெருமழை குடாநாட்டின் வயல்களையும் தாழ்ந்த குடியிருப்புகளையும் மூழ்கடித்தது. வெள்ளம் வற்றிய சில நாட்களிற் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வைத்தியசாலைக்கு வந்தனர். டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு பேர் மாண்டனர். மூச்சைத் தாக்கியதனால் இன்புளுவென்சாவோ, 2020ஆம் ஆண்டின் கொரோனாவோ மீண்டதென்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. குருதிமாதிரிகளின் சோதனை வேறு விடை தந்தது. அது எலிக்காய்ச்சல், எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வாழும் லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியாவினால் வருவது, கால் வெடிப்பின் வழியும் காயத்தின் வழியும் உடம்பினுட் புகுவது, முற்றினாற் சுவாசப்பையிற் குருதி கசியச் செய்வது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது தொற்றுதல் மிக அரிது.

ஆகவே அயலவரைக் கண்டு அஞ்சியது காரணமற்றது. காய்ச்சலைக் கண்டு அஞ்சியது காரணமுடையது. ‘மர்மம்’ என்ற சொல் முதலாவதை வளர்த்தது என்பதை மறுத்தலரிது. எனினும் அதே சொல்லே, இரண்டு நாள் பரசிற்றமோல் விழுங்கி வீட்டிற் பொறுத்திருக்கும் வழக்கமுடைய கமக்காரரை மூன்றாம் நாளுக்குமுன் வைத்தியரிடம் செல்லத் தூண்டக்கூடியதும் ஆகும். எலிக்காய்ச்சலிற் பிந்திவந்த நோயாளரே பெரிதும் இறப்பர். நோயின் பெயர் தெரிந்தபின் சுகாதாரப் பகுதியினர் செய்ததும் இதனையொட்டியதே: வயலிலும் வெள்ளநீரிலும் இறங்குவோர்க்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கப்பட்டது; காய்ச்சல் கண்டவர் தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்புச் சேற்றிற் கால்வைக்கும் ஒவ்வொருவர் காதிலும் விழுந்ததெனின், மர்மக் காய்ச்சலைப் பற்றி ஊர் முழுவதும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தமை அதற்கொரு காரணம்.