யானையைக் கட்டித் தீனி போடுற கணக்கு

போன வாரம் டீக்கடையில் நண்பர் ஒருத்தர் கேட்டார்: "இன்னுமாய்யா இந்த பேங்க்காரங்க மெயின்ஃப்ரேமைக் கட்டி அழுவுறாங்க? அதை ஏறக்கட்டிட்டு நாப்பது சர்வர் வாங்கிப் போட்டா முடிஞ்சுது!" வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கும் இதே சந்தேகம்தான். விடை கொஞ்சம் பழைய கதையில இருக்கு.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. சின்ன மாடலில் எழுதிய புரோகிராம் பெரிய மாடலிலும் ஓடும் என்பதுதான் அதோட விசேஷம். அதுவரைக்கும் மெஷினை மாத்தினா பெரும்பாலும் புரோகிராமையும் திருப்பி எழுதணும். அந்தத் தலைவலி இல்லைங்கிறதுக்காகவே கம்பெனிகள் காசைக் கொட்டின. அதே வம்சத்தில் வந்த இன்றைய இசட் மெஷின்களிலும் பல பழைய கோபால் புரோகிராம்கள் ஓடிக்கிட்டு இருக்கு.

1991-ல் ஸ்டூவர்ட் ஆல்சாப் இன்ஃபோவேர்ல்டு பத்திரிகையில் ஒரு குண்டைப் போட்டார். 1996 மார்ச் 15-ம் தேதி கடைசி மெயின்ஃப்ரேமின் பிளக்கைப் பிடுங்கிடுவாங்களாம்! தேதி வந்தது, போனது. யானை அசையலை. 2002-ல் தன் கணிப்பு தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார்.

ஆனா மனுஷன் சும்மா உளறலைங்க. கூகிள் எஞ்சினியர்கள் 2003-ல் ஒரு கட்டுரையில் போட்ட கணக்கைப் பாருங்க. 88 சாதா சர்வர்கள், மொத்தம் 176 சிபியு, விலை சுமார் 2,78,000 டாலர். அதே ரக சிபியு எட்டே எட்டு வைத்த ஒரு பெரிய சர்வர் சுமார் 7,58,000 டாலர். இத்தனைக்கும் அது மெயின்ஃப்ரேம்கூட இல்லை! சிபியு ஒன்றுக்கு வகுத்தால் முதலாவது சுமார் 1,580 டாலர், இரண்டாவது 94,750 டாலர். அறுபது மடங்கு!

அப்புறம் ஏன் பேங்க் மாறலை?

கூகிளில் ஒரு மெஷின் செத்தா அதே தகவல் இன்னொரு மெஷினில் இருக்கும். அப்படித்தான் அவங்க சாஃப்ட்வேரை முதல்லேர்ந்தே எழுதினாங்க. தேடலில் ஒரு பக்கம் விட்டுப்போனா யாரும் அழமாட்டாங்க. பேங்கில் ஒரு கணக்கில் கழிச்சது இன்னொரு கணக்கில் ஏறாம போனா? மலிவு சர்வரிலும் இதைச் சரியா செய்யலாம். ஆனா அதுக்கேத்த மாதிரி எல்லாத்தையும் திருப்பி எழுதி, சோதிக்கணும். பெட்டியில மிச்சம் பிடிச்ச காசு ஆள் கூலியில போயிடும்.

அதுக்காக யானை சும்மா தின்னாம இருக்கா? சாஃப்ட்வேர் வாடகைன்னு மாசாமாசம் தீனி. ஐபிஎம்மின் பல ஒப்பந்தங்களில், அந்த மாசத்திலேயே வேலைப்பளு உச்சத்தில் இருந்த நாலு மணி நேரத்தின் சராசரியை வச்சு பில் வரும். அதனால ஒரு பெரிய பேட்ச் வேலையை ராத்திரிக்குத் தள்ளிவச்சே காசு மிச்சம் பிடிக்கிறவங்க உண்டு.

ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் பேங்க் 2008-ல் துணிஞ்சு தன் பழைய கோர் சிஸ்டத்தை மாத்த ஆரம்பிச்சது. சுமார் 5 வருஷம், 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் வாக்கில் செலவு. முடிச்சும் காட்டினாங்க.

ஆக, புதுசா கடை திறக்கிறவங்க யானை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க பெட்டி விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஆனா தள்ளிப்போடுறதுக்கும் ஒரு விலை இருக்கு. அந்த கோபாலை எழுதினவங்க ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆகிட்டு இருக்காங்க. பாகன் போன பிறகு யானையை எப்படி மேய்க்கிறது?

நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்போ டீக்குக் காசு நீங்களே குடுத்துடுங்க"ன்னு கிளம்பிட்டார். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?