பக்கவாதம் வந்தவருக்கு கழுத்தில் எதுக்கு ஸ்கேன்? டாப்ளர், சிடி, எம்ஆர்ஐ... எது பெஸ்ட்?

கை, கால் ஒரு பக்கம் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். மூளைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். அதோடு, "கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்கிறார் டாக்டர். ஏன்?

கழுத்தில் என்ன பிரச்சனை?

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் இருக்கின்றன. தாடைக்குக் கீழே இவை இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பு படிந்து பாதை சுருங்கலாம். அதிலிருந்து ஒரு சின்னத் துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனாலே பக்கவாதம்தான்.

70% ஏன் முக்கியம்?

1991-ல் வெளியான 'நாஸ்செட்' ஆய்வில், ஏற்கெனவே பாதிப்பு வந்து, 70 முதல் 99% சுருக்கம் இருந்தவர்களில் மருந்து மட்டும் எடுத்த 26% பேருக்கு 2 ஆண்டுகளுக்குள் அதே பக்கம் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் அது 9% மட்டுமே. ஆனால் 50%-க்குக் கீழே இருந்தால் ஆபரேஷனால் பலன் இல்லை. அதாவது ஸ்கேன் தப்பாக அளந்தால், தேவையில்லாத ஆபரேஷன் நடக்கும். இல்லன்னா தேவையான ஆபரேஷன் தவறிப்போகும்.

எந்த ஸ்கேன் எப்படி?

டாப்ளர்: ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. தண்ணீர் பைப் வாயை விரலால் பாதி அடைத்தால் பீய்ச்சி அடிக்கும் இல்லையா, அதே கணக்குதான். ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 230 செ.மீ.-ஐத் தாண்டினால் சுருக்கம் 70%-க்கு மேல் இருக்கலாம். ஸ்கேன் எடுப்பவரின் அனுபவம் இதில் ரொம்ப முக்கியம்.

சிடி ஆஞ்சியோ: சில நிமிடங்களில் முடியும். மூளை சிடி எடுக்கும்போதே சேர்த்து எடுக்கலாம். கதிர்வீச்சு உண்டு. சிறுநீரகப் பிரச்சனை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புப் படிவு அதிகம் இருந்தால் அளவு குழம்பலாம்.

எம்ஆர் ஆஞ்சியோ: கதிர்வீச்சு இல்லை. நேரம் அதிகம் பிடிக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்பே சொல்ல வேண்டும். சுருக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகக் காட்டிவிடலாம்.

டிஎஸ்ஏ: தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தி எடுப்பது. மற்ற ஸ்கேன்களை ஒப்பிடும் அளவுகோலே இதுதான். ஆனால் இந்தப் பரிசோதனையாலேயே பக்கவாதம் வரும் சிறிய ஆபத்து உண்டு. அதனால் மற்ற ஸ்கேன்கள் முரண்பட்டால்தான் பெரும்பாலும் இது.

அப்போ எது பெஸ்ட்?

41 ஆய்வுகளை அலசி 2006-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரைப்படி, 70%-க்கு மேல் சுருக்கம் உள்ள 100 பேரில், மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோ 94 பேரையும், டாப்ளர் 89 பேரையும், சிடி 76 பேரையும் சரியாகக் கண்டுபிடித்தன. அதன்பிறகு சிடி கருவிகள் நிறைய முன்னேறிவிட்டன.

ஆக, ஒரே ஸ்கேனை நம்பி ஆபரேஷனுக்குப் போகாமல், டாப்ளரில் வந்ததை சிடி அல்லது எம்ஆரில் உறுதி செய்வதே நல்லது. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. முதல் அறிகுறி வந்த 2 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் பலன் அதிகம். 'அஞ்சு நிமிஷத்துல சரியாகிடுச்சு' என்று விட்டுவிடும் மினி ஸ்ட்ரோக்குக்கும் இது பொருந்தும்.

டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான்: சுருக்கம் எத்தனை சதவீதம்? அதை இன்னொரு ஸ்கேனில் உறுதி செய்தாச்சா?